82,000 ரூபா பற்றரியும் 51 இலட்சமும்

கந்தோர்க் கணினியில் ஒரு பற்றரி செத்ததை அறியாமல் 51 இலட்சத்தைக் கொட்டிய கதை இது. இதை எழுத மூன்று வருடம் பிந்திவிட்டேன். வெட்கம்தான் காரணம். திருகோணமலையில் மா, சீனி, சீமெந்து என்று மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் கணக்கும் கணினியும் என் பொறுப்பு. கணினி படித்து வந்தவள் இல்லை நான். களஞ்சியத்தில் துண்டு எழுதச் சேர்ந்தவள். முன்னால் இருந்தவர் கனடா போனதும், வேறு ஆள் கிடைக்காமல், முதலாளி என்னை அந்தக் கதிரையில் இருத்திவிட்டார். எங்களிடம் இருந்தது ஏஎஸ்/400 வகைப் பெட்டி, வியாபாரக் கணக்குகளுக்கென்று ஐபிஎம் செய்த கணினி. இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு தனியாக முழிக்கிற யாராவது இதை வாசித்தால் போதும்.

2009இல் யுத்தம் முடிந்து, கிண்ணியாப் பாலமும் திறந்தபின், படகுப் பாதைக்குக் காத்துக் கிடந்த லொறிகள் நேரே ஓடத் தொடங்கின. வியாபாரம் ஒரே வருடத்தில் பெருத்தது. கொப்பியிலும் எக்செலிலும் சமாளிக்க முடியாமல், 2010இல் கொழும்பில் ஒரு கொம்பனி கழித்துவிட்ட அந்த வகை ஐபிஎம் 520 பெட்டியை முதலாளி வாங்கினார். வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்று மட்டக்களப்பில் இருந்த ஒரு ஐயா, ஆர்பிஜி என்ற நிரல் மொழியில் பில், இருப்பு, கடன் கணக்கு எல்லாவற்றையும் எழுதித் தந்தார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுசே தேவையில்லை. பில் போடும் பிள்ளைகள் திரையைப் பார்க்காமலே அடிப்பார்கள். காலை ஏழரைக்கு மூதூர் லொறி வந்து நின்றால் எட்டுக்குள் பில்லோடு போய்விடும்.

அது பழுதானதே இல்லை. எங்கள் கஷ்டம் தொடங்கியதே அதனால்தான் என்று இப்போது விளங்குகிறது. வருடத்துக்கு ஒரு தடவை கொழும்பு முகவரின் ஆள் வந்து, கதவைத் திறந்து தூசி தட்டி, எதையோ பார்த்து, தேநீர் குடித்துவிட்டுப் போவார். 2018இல் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தபோது முதலாளி கேட்டார்: "பிள்ளை, நாலு வருசமா ஒண்டும் பழுதாகேல்ல. என்னத்துக்குக் காசு கட்டுறம்?" எனக்கும் பதில் தெரியவில்லை. நிறுத்திவிட்டோம். அந்தத் தேநீர்க்காரர் கடைசி வரவில் பெட்டிக்குள் ஒரு பற்றரியை மாற்றிவிட்டுப் போயிருந்தார் என்பதும் எனக்குத் தெரியாது.

2021 கடைசியில் பெட்டியின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அறையைக் கூட்டும் அக்காதான் முதலில் கண்டு சொன்னார். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் பார்ப்போம் என்று விட்டேன். தை மாதம் பிறந்ததும் பெட்டி திடீரென்று சோர்ந்துபோனது. நாற்பது நிமிடத்தில் முடியும் மாத இறுதிக் கணக்கு ஐந்து மணித்தியாலம் எடுத்தது. பகலில் ஒரு பில் அடித்துவிட்டு அடுத்த திரைக்குக் காத்திருக்க வேண்டும். வாசலில் லொறிக்காரரின் ஹோர்ன். நான் பழைய முகவருக்குப் போன் எடுத்தேன்.

வந்தவர் தேநீர்க்காரர் இல்லை. மடிக்கணினிப் பையோடு விற்பனைப் பிரிவுத் தம்பி ஒருவர். பெட்டியைத் திறக்கவே இல்லை. "மிஸ், இதுக்கு ஆயுசு முடிஞ்சுது. சப்போர்ட் 2018லயே நிண்டுட்டுது. இனி இதை ஒருத்தரும் பாக்கமாட்டினம்" என்றார். கடிதமும் காட்டினார். கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. எங்கள் பெட்டியில் இருந்த 7.1 என்ற இயங்குதளப் பதிப்புக்கு ஐபிஎம் 2018 ஏப்ரலோடு வழமையான ஆதரவை நிறுத்தியது உண்மை. எங்கள் 520க்கு அதற்கு மேலான பதிப்பு ஏறாது என்பதும் உண்மை. ஆனால் 7.2, 7.3, 7.4 என்று அதே அமைப்பு தொடர்ந்து வந்துகொண்டிருந்ததை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் அழுதுகொண்டிருந்த அதே 2022 மே மாதத்தில் 7.5 வெளிவந்திருக்கிறது. இதை நான் ஒரு வருடம் கழித்துத்தான் அறிந்தேன்.

ஆகவே யாராவது வந்து "இது முடிந்துவிட்டது" என்றால் உடனே கேளுங்கள்: எது முடிந்தது? இந்தப் பதிப்பா, இந்தப் பெட்டியா, முழு அமைப்புமா, இல்லாவிட்டால் உங்கள் கொம்பனிக்கு அதில் இருந்த ஆர்வமா? நாலுக்கும் பதில் வேறு வேறு, நாலுக்கும் ஆகும் செலவும் வேறு வேறு. பதிலை எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்குப் பக்கத்து ஹார்ட்வெயார் கடையில் விஷுவல் பொக்ஸ்புரோ என்ற மைக்ரோசொப்ட் மென்பொருளில் எழுதிய பில் முறை ஒன்று ஓடுகிறது. அதன் கதை வேறு. 2007இல் மைக்ரோசொப்ட், 9க்குப் பிறகு அடுத்த பதிப்பு இல்லையென்று அறிவித்தது, 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. அங்கே செய்தவனே கையைக் கழுவிவிட்டான். எங்களுக்கு நடந்ததோ விற்றவன் மறந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணியதுதான் என் முதல் பிழை.

சரி, கதைக்கு வருகிறேன். 2022 மாசியில் புதிய ஈஆர்பி முறைக்கு, அதாவது விற்பனை, இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருளுக்கு, கையெழுத்திட்டோம். எல்லாம் கிளவுட்டில், அதாவது இணையத்தின் மறுமுனையில் வேறொருவரின் கணினிகளில், கந்தோரில் பெட்டியே தேவையில்லை என்றார்கள். 24,000 டொலர், மூன்று தவணை. டொலர் அப்போது 200 ரூபாவைச் சுற்றி நின்றது. முதல் தவணை 8,000 டொலருக்குப் பதினாறு இலட்சம் கட்டினோம். மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவை மிதக்கவிட்டது. மே மாதம் இரண்டாம் தவணை கட்டும்போது டொலர் 360. அதே 8,000 டொலருக்கு இருபத்தெட்டு இலட்சத்து எண்பதாயிரம். ஒப்பந்தத்தில் டொலர் என்று எழுதியிருப்பதை நான் வாசித்துத்தான் முதலாளியிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். பத்து வருடமாக மாதச் சம்பளத்தை ரூபாவில் எண்ணியவளுக்கு அது ஒரு எழுத்தாகத்தான் தெரிந்தது. உள்ளூர் ஆளிடம் வாங்கும் வேலைக்கு ரூபாவில் விலை எழுதக் கேளுங்கள். மறுத்தால், நாணயம் ஏறினால் யார் எவ்வளவு தாங்குவது என்று ஒரு வரியாவது போடச் சொல்லுங்கள்.

மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. எங்களிடம் ஜெனரேட்டர் இருந்தது, டீசல்தான் இல்லை. கிடைத்த கொஞ்ச டீசலைக் காலை மூன்று மணித்தியாலத்துக்கு ஓட்டினால், அந்த நேரத்தில் போன் கோபுரங்களின் பற்றரி இறங்கி இணையம் இல்லை. கிளவுட் வானத்தில் இருக்கிறது, எங்களுக்கும் அதற்கும் இடையில் ஏணி இல்லை. பழைய பெட்டி பல மடங்கு மெதுவாக என்றாலும் அந்த மூன்று மணித்தியாலத்தில் பில் அடித்தது. கிண்ணியாக் கடைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்ன தங்கச்சி, மழை மேகம் வரேல்லயா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் புதிய முறையை நான் வெறுத்தேன் என்று நினைக்க வேண்டாம். அறிக்கைகள் அழகாக இருந்தன, முதலாளி வீட்டிலிருந்தே போனில் விற்பனை பார்த்தார். உடைந்தது சிறிய இடத்தில். 2022 ஜூன் முதலாம் திகதி வற் வரி எட்டிலிருந்து பன்னிரண்டு வீதமானது, செப்டெம்பரில் பதினைந்தானது. வீதத்தை மாற்றுவது இரண்டு முறையிலும் நிமிட வேலை. ஆனால் மே மாதம் எட்டு வீதத்தில் பில் போட்ட சீமெந்து, கட்டிபட்டுப் போய் ஜூனில் திரும்பி வரும். திருப்பும் பற்றுச்சீட்டு எட்டு வீதத்தில்தான் போகவேண்டும். மட்டக்களப்பு ஐயா பில்லின் ஒவ்வொரு வரியிலும் பில் போட்ட நாளின் வீதத்தையும் சேர்த்து எழுதி வைத்திருந்தார். புதிய முறையை எங்களுக்கு அமைத்துத் தந்தவர்கள் திருப்பும் நாளின் வீதத்தையே எடுக்க வைத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பற்றுச்சீட்டுகள் பிழை. வரிக் கணக்குக் கொடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை கையால் திருத்தினேன். திருத்தித் தரச் சொல்லிக் கேட்டால், அது 'மாற்றக் கோரிக்கை', தனிக் கட்டணம். பன்னிரண்டு வருடம் ஓடிய ஒரு நிரலுக்குள் இப்படிப்பட்ட அனுபவம் எத்தனை ஒளிந்திருக்கிறது என்று அதை எறியப் போகும்வரை தெரியாது. எறியும் முன் திருப்பிய சரக்கு, கழிவு, இறந்த கடன், பிந்திய காசோலை எல்லாவற்றையும் புதியதில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சாதாரண பில் எல்லா மென்பொருளிலும் வரும்.

மூன்றாம் தவணை கட்டமாட்டோம் என்று முதலாளி சொன்னதும் அந்த விற்பனைத் தம்பி நேரில் வந்தார். சண்டை பிடித்த பிறகு பாவமாக இருந்தது, கடற்கரைப் பக்கம் ஒரு தேநீர்க்கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் உண்மையைச் சொன்னார். "மிஸ், உங்கட பழைய பெட்டிக்குப் பராமரிப்பு புதுப்பிச்சா எனக்கு ஒரு சதமும் வராது. என்ர டார்கெட் புதுசில மட்டும்." அவருடைய கந்தோரில் ஆர்பிஜி தெரிந்த கடைசி ஆள் 2019இல் ஓய்வு பெற்றுவிட்டாராம். அந்த ஆள் வேறு யாருமில்லை, எங்கள் தேநீர்க்காரர்தான்.

அதன்பின் இரவிரவாக யோசித்தும் தேடியும் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். ஏஎஸ்/400ஐ ஐபிஎம் 1988 ஜூனில் வெளியிட்டது. அதற்கு முந்திய சிஸ்டம்/38 அறிவிக்கப்பட்டது 1978இல். நிரல்கள் நேரடியாக வன்பொருளைத் தொடாமல், நடுவில் ஒரு படலத்தின்மேல் ஓடும்படி அமைத்திருந்தார்கள். 1995இல் 48 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு முற்றிலும் வேறான புரொசசருக்கு மாறியபோது, பெரும்பாலான வாடிக்கையாளர் தங்கள் நிரலைத் திருப்பி எழுதவே இல்லை, பெட்டியே மாற்றி எடுத்துக்கொண்டது. தரவுத்தளம் உள்ளேயே இருக்கிறது, அதற்குத் தனி ஆள் வேண்டாம். வாங்கியவனுக்கு இவ்வளவும் வரம். விற்பவனுக்கோ இதில் எந்த வருமானமும் இல்லை. தரவுத்தளம் தனியாக விற்க முடியாது, நிரலைத் திருப்பி எழுதும் வேலை வராது, பத்துச் சேர்வருக்குப் பதில் ஒன்று போதும், வருடம் முழுக்கப் பழுது பார்க்கப் போகவும் தேவையில்லை. வாடிக்கையாளரும் சத்தம் போடமாட்டார். எங்களையே பாருங்கள், நாலு வருடம் போனே எடுக்காமல், கடைசியில் ஒப்பந்தத்தையும் நிறுத்தினோம். அப்படிப்பட்ட வாடிக்கையாளருக்காக எந்த முகவர் ஒரு பையனைப் பயிற்றுவித்து வைத்திருப்பான்? கைவிட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

பெயர் விஷயம் இன்னொரு கூத்து. ஏஎஸ்/400 என்று ஊருக்கே தெரிந்த பெயரை 2000இல் ஐசீரிஸ் ஆக்கினார்கள், 2006இல் சிஸ்டம் ஐ, 2008இல் வெறும் 'ஐபிஎம் ஐ'. தமிழில் எழுதினால் வேற்றுமை உருபு போல நிற்கிறது. கூகிளில் அந்த ஒற்றை எழுத்தைத் தட்டி எதைத் தேடிப் பிடிப்பது? உதவி தேடும்போது பழையது புதியது என்று எல்லாப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். நல்ல பதில்கள் பல ஏஎஸ்/400 என்ற பெயருக்குள்தான் கிடக்கின்றன. பாடசாலையிலும் கம்பசிலும் இதைப் படிப்பிப்பதாக இங்கே நான் கேள்விப்பட்டதில்லை. பச்சைத் திரையைக் கண்டதும் பிள்ளைகள் பழசு என்று முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பை விற்பனைக்காரர் நன்றாகப் பயன்படுத்துவார்.

பற்றரிக்கு வருகிறேன். 2022 கார்த்திகையில், வேறு வழியில்லாமல், மட்டக்களப்பு ஐயாவின் இலக்கத்தை அவருடைய மருமகனிடம் வாங்கிப் போன் எடுத்தேன். எண்பதை நெருங்கிய குரல். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பிள்ளை, கியூசிஸ்ஓபிஆர் பாத்தனீங்களே?" பெட்டி தன் குறைகளைச் சொல்லும் செய்தி வரிசை அது. நான் தினமும் அதைத் திறப்பவள்தான், பிரிண்டருக்குக் கடதாசி மாற்றினால் 'படிவம் ஏற்று' என்று அதில் ஒரு கேள்வி வரும், ஜி என்று அடித்துவிட்டு வெளியே வருவேன். மேலே ஏறிப் படித்ததே இல்லை. அன்று ஐயாவைப் போனில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஏறினேன். ஆயிரக்கணக்கான கடதாசிச் செய்திகளுக்கு நடுவே, 2021 புரட்டாசியிலிருந்து திரும்பத் திரும்ப, வன்பொருள் சேவையாளரைக் கூப்பிடு என்று ஒரு செய்தி. அதன் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் 8009. தையில் அது 8008 ஆக மாறியிருந்தது.

ஐயா விளக்கினார். டிஸ்க் கார்டில் ஒரு சின்னப் பற்றரி இருக்கிறது. எழுதவேண்டிய தரவை டிஸ்க்கில் போடும்வரை கார்டின் நினைவகம் வைத்திருக்கும், மின்சாரம் போனால் அதைக் காப்பது இந்தப் பற்றரி. 8009 என்றால் பற்றரி சாகப்போகிறது, 8008 என்றால் செத்துவிட்டது. செத்ததும் பெட்டி உங்கள் தரவைப் பணயம் வைக்க விரும்பாமல் அந்த நினைவகத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் நேரே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். அதுதான் அந்தச் சோர்வு. கிழடு தட்டியதாக நாங்கள் நினைத்தது ஒரு காவல்காரனின் நிதானம். பற்றரி கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய சாமான். சிங்கப்பூரில் பழைய உதிரிப்பாகம் விற்கும் ஒருவரிடம் வாங்கி, கூரியர், சுங்கம் எல்லாம் சேர்த்து 82,000 ரூபா. 2023 தையில், ஞாயிற்றுக்கிழமை, ஐயா வீடியோவில் பார்த்திருக்க, முறைப்படி பெட்டியை இறக்கி, கார்டை இழுத்து, கை நடுங்க நானே மாற்றினேன். உயிரோடுள்ள பற்றரியை இப்படிப் பிடுங்கக்கூடாது, சேவைக் கருவிகள் என்ற பழுதுபார்க்கும் மெனுவுக்குள் போய் நினைவகத்தில் இருப்பதை முதலில் டிஸ்க்குக்கு இறக்கவைக்க வேண்டும் என்று ஐயா மூன்று தரம் சொன்னார். அந்த மாத இறுதிக் கணக்கு முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. மேசையில் தலையை வைத்து அழுதேன். பில் போடும் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

தவணை இரண்டும் கிட்டத்தட்ட 45 இலட்சம், மடிக்கணினிகளும் இணைய இணைப்புகளும் 6 இலட்சம், மொத்தம் 51 இலட்சம். முதலாளி என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பற்றரி மாற்றிவிட்டு அப்படியே இருந்துவிடவும் முடியாது. அந்தப் பெட்டி 2004இல் வெளிவந்த மொடல், டிஸ்க் என்றைக்கும் போகலாம். 2024இல் பவர்8 என்ற புதிய தலைமுறைப் புரொசசர் உள்ள, பாவித்த பெட்டி ஒன்றுக்கு மாறினோம். அதிலும் ஒரு குழியில் விழப் பார்த்தேன். மலிவாக ஒரு பெட்டி வந்தது, முற்பணம் அனுப்ப வங்கிக்குப் போகும் வழியில் ஐயா போனில், "இயங்குதள உரிமம் இருக்கோ?" என்றார். இந்த உலகத்தில் உரிமம் பெட்டியின் தொடர் இலக்கத்தோடு கட்டப்பட்டிருக்கும். உரிமச் சாவி இல்லாத பெட்டி 70 நாள் சலுகையில் ஓடும், பிறகு கையை விரிக்கும். கேட்டோம், அந்த வியாபாரி பதிலே தரவில்லை. வேறொன்று, உரிமத்தோடு, கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கினோம். பழைய பெட்டியைச் சேமித்து வைத்த நாடாவிலிருந்து மீட்டதும் ஐயாவின் நிரல்கள் ஒரு வரி மாறாமல் ஓடின.

மீட்கும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. கடன் கணக்கு நிரல் ஒன்றுக்கு மூலநிரல், அதாவது ஆள் எழுதிய, திருத்தக்கூடிய வடிவம், காணவில்லை, ஓடும் வடிவம் மட்டும் இருந்தது. யாரோ 2015இல் ஒரு நூலகத்தை (இந்தப் பெட்டியில் கோப்புறைக்கு அதுதான் பெயர்) துப்புரவு செய்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான். நல்ல வேளை, ஐயாவிடம் பழைய பிரதி இருந்தது. உங்களிடம் இப்படிப் பெட்டி இருந்தால் இந்தக் கிழமையே பாருங்கள்: ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் மூலம் இருக்கிறதா, அதன் திகதி பொருந்துகிறதா என்று. கியூசெக்ஓஎப்ஆர் என்ற, எல்லா அதிகாரமும் உள்ள பயனரின் கடவுச்சொல்லும் சேவைக் கருவிக் கடவுச்சொல்லும் வேறு வேறு, இரண்டும் ஒரு கடித உறையில் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கட்டும். எங்களுடைய இரண்டாவது, கனடா போனவரின் தலைக்குள் இருந்தது. அவரை எழுப்பிக் கேட்க இங்கே இரவு பதினொன்றுவரை காத்திருந்தேன். முழுச் சேமிப்புக்குச் சேவ் பட்டியலில் 21 என்று அடிப்பது எல்லாருக்கும் தெரியும், அச்சுக்குக் காத்திருக்கும் ஸ்பூல் கோப்புகளைத் தனியாகக் கவனிக்காவிட்டால் அதில் வராது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது கிண்ணியாவிலிருந்து ஒரு பையன் வருகிறான், ஐரி டிப்ளோமா முடித்தவன். பச்சைத் திரையைப் பார்த்து முதல் நாள் சிரித்தான். விஎஸ் கோட் என்ற இன்றைய நிரல் எழுதும் மென்பொருளிலிருந்தே ஆர்பிஜி எழுதலாம், மூலத்தை 'கிட்' (Git) என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில் வைக்கலாம் என்று காட்டியதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஐயாவோடு வாட்சப்பில் சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டான். பெட்டியின் பக்கத்தில் வெள்ளை ஒட்டுநாடாவில் அடுத்த பரிசோதனைத் திகதி, அவனுடைய கையெழுத்தில். வரும் போயா விடுமுறைக்கு நாடாவைப் பழைய 520இல் மீட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன், அது இன்னும் பின்னறையில்தான் கிடக்கிறது. 7.3இல் சேமித்ததை 7.1 அப்படியே எடுக்காது, சேமிக்கும்போதே முந்திய பதிப்புக்கென்று குறிப்பிட வேண்டும் என்றான் பையன். சரிதான், அதையும் எழுதிவை என்றேன். ஜெனரேட்டருக்கு இருபது லீற்றர் டீசல் முதலாளியிடம் கேட்கவேண்டும்.